கேபிளுக்கு முன்னால் சார்ஜர், சார்ஜருக்கு முன்னால் சுவர்

2020 அக்டோபரில் ஐபோன் 12 வெளிவந்தபோது அதன் பெட்டிக்குள் சார்ஜர் இல்லை. 2021 ஜனவரியில் சாம்சங்கும் கேலக்ஸி எஸ்21 பெட்டியிலிருந்து அதை எடுத்துவிட்டது. அதன்பிறகு வேறு பல நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்தன. அதுவரை சார்ஜரைத் தேர்ந்தெடுக்கும் வேலை நமக்கு இருந்ததில்லை. போனைச் செய்த நிறுவனமே அதற்குப் பொருத்தமானதைச் சோதித்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தது. இன்று அந்தப் பொறுப்பு வாங்குகிறவர் தலையில் வந்து விழுந்திருக்கிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கிரே ஸ்ட்ரீட் என்றே இன்றும் நம்மவர்கள் சொல்லும் டாக்டர் யூசுப் தாதூ தெருவின் ஆர்கேட் கடைகளிலும், வார்விக் ஜங்ஷன் நடைபாதைகளிலும், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் கடைவீதிகளிலும், ஜோஹன்னஸ்பர்கின் ஃபோர்ட்ஸ்பர்கிலும் சார்ஜர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. இங்குள்ள தமிழர் வீடுகளில் இன்னொரு வழியாகவும் சார்ஜர் வந்து சேரும். 1860 முதல் கப்பலேறி வந்தவர்களின் வழிவந்த குடும்பம் என்றாலும், ஐ.டி. வேலைக்கோ மருத்துவமனை வேலைக்கோ அண்மையில் சென்னையிலிருந்து வந்த குடும்பம் என்றாலும், மேஜை டிராயரைத் திறந்தால் இந்தியாவிலிருந்து யாரோ கொண்டுவந்த ரெண்டு பின் சார்ஜர் ஒன்றாவது கிடக்கும். யாருடைய போனோடு வந்தது என்று வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது.

சார்ஜர் என்று பேச்செடுத்தாலே பெரும்பாலும் ஒரே கேள்விதான் வருகிறது. எத்தனை வாட் வாங்கலாம்? 65 வாட் சார்ஜரைச் சின்ன போனில் மாட்டினால் வெடித்துவிடாதா? இந்தக் கவலையைத் தாராளமாக விட்டுவிடலாம். வாட் எண் எவ்வளவு விரைவாகச் சார்ஜ் ஏறும் என்பதைச் சொல்கிறது, பாதுகாப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஆபத்து வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, சார்ஜருக்குள்ளே வீட்டு மின்சாரத்தையும் போனுக்குப் போகும் மின்சாரத்தையும் பிரித்து வைக்கும் இடைவெளி. மற்றது, சுவரிலோ அடாப்டரிலோ போனின் வாயிலோ உலோகமும் உலோகமும் சரியாகப் பொருந்தாமல் சூடேறும் இடம். காசையும் கவனத்தையும் முதலில் அங்கே செலவிட வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

நாம் சார்ஜர் என்று அழைக்கும் அந்தச் சதுரக் கட்டி உண்மையில் பேட்டரியைச் சார்ஜ் செய்வதில்லை. சார்ஜ் செய்யும் சுற்று போனுக்குள்ளேயே இருக்கிறது. லித்தியம் பேட்டரிக்கு எவ்வளவு ஆம்பியர் விடலாம், சூடு ஏறினால் எப்போது குறைக்கலாம், நிரம்பியதும் எப்போது நிறுத்தலாம் என்பதையெல்லாம் போன்தான் முடிவு செய்கிறது. சுவரில் இருக்கும் கட்டியின் வேலை, 230 வோல்ட்டை வாங்கி 5 வோல்ட்டாகவோ 9 வோல்ட்டாகவோ சீராக்கிக் கொடுப்பது மட்டும்தான்.

யு.எஸ்.பி-சி வழியாக வரும் பவர் டெலிவரி முறையில் இருவரும் முதலில் பேசிக்கொள்கிறார்கள். சார்ஜர் எப்போதும் 5 வோல்ட்டில்தான் தொடங்கும். தன்னிடம் 5 வோல்ட், 9 வோல்ட், 15 வோல்ட், 20 வோல்ட் இருக்கிறது என்று சின்ன சிக்னல் கம்பி வழியாக அறிவிக்கும். போன் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கும். கேட்காமல் எதுவும் கூடுவதில்லை. அதனால் 100 வாட் லேப்டாப் சார்ஜரில் போட்டாலும் போன் தனக்குத் தேவையான 20 வாட்டையோ 25 வாட்டையோ மட்டும் எடுத்துக்கொள்ளும். 2021இல் வந்த புதிய விதிப்படி இந்த முறை 48 வோல்ட், 240 வாட் வரை போகிறது. அதே சார்ஜரில் பழைய போனைச் சொருகினாலும் 5 வோல்ட்தான் வரும். இவையெல்லாம் விதிப்படி செய்த சார்ஜருக்குப் பொருந்தும்.

325 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே

சுவரில் வரும் 230 வோல்ட் ஏ.சி. சார்ஜருக்குள் நுழைந்ததும் முதலில் டி.சி.யாக மாறுகிறது. அப்போது அதன் அளவு சுமார் 325 வோல்ட், ஏனென்றால் 230 என்பது ஒருவகைச் சராசரி, அலையின் உச்சி அதைவிட உயரம். ஒரு டிரான்சிஸ்டர் அந்த 325 வோல்ட்டை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிச் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுக்குள் அனுப்புகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கத்தில் குறைந்த வோல்ட் கிடைக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் கம்பித் தொடர்பு கிடையாது, காந்தப் புலம் வழியாகத்தான் சக்தி தாண்டுகிறது. வோல்ட் கூடுகிறதா குறைகிறதா என்று மறுபக்கம் சொல்லும் செய்திகூடக் கம்பியில் போவதில்லை. நல்ல சார்ஜர்கள் பலவற்றில் அது ஒளியாகத் தாண்டுகிறது.

படுக்கையில் படுத்துக்கொண்டு, ஈரக் கையோடு, காதில் வயர் மாட்டிக்கொண்டு நீங்கள் போனைத் தொடுகிறீர்கள். உங்கள் உடம்புக்கும் 325 வோல்ட்டுக்கும் நடுவே நிற்பது அந்தக் கம்பியற்ற இடைவெளி ஒன்றுதான்.

பழுதான இரண்டு சார்ஜர்களைப் பிளந்து மேஜையில் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒன்று போன் பெட்டியோடு வந்தது, மற்றது நடைபாதையில் வாங்கியது. முதலாவதின் பலகையில் இரண்டு பக்கத்துக்கும் நடுவே விரல் நுனி அகலத்துக்கு வெறும் பாதை விட்டிருந்தார்கள். செம்புக் கோடு எதுவும் அதைத் தாண்டவில்லை. நடுவில் பலகையையே அறுத்துத் துளையிட்டிருந்தார்கள், தூசியும் ஈரமும் சேர்ந்து பாலம் கட்டிவிடக் கூடாது என்பதற்காக. டிரான்ஸ்ஃபார்மரில் மஞ்சள் டேப் பல சுற்று. நுழைவாயிலில் ஒரு ஃபியூஸ். இரண்டாவதில் ஃபியூஸ் இல்லை. உள்ளே வரும் பின்கள் பலகையோடு ஒட்டாமல் ரெண்டு மெல்லிய வயரில் ஊசலாடின. அந்தப் பக்கத்துச் செம்பும் இந்தப் பக்கத்துச் செம்பும் ஒரு இடத்தில் நகத்தின் தடிமன் அளவு நெருங்கி நின்றன. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே பளபளப்பு. எழுத்துக்கூட ஒன்றுபோலவே இருந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டுச் சார்ஜரைப் பிளக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர், பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கக்கூடியது.

அமெரிக்காவின் யு.எல். என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம் 2016இல் 400 போலி ஆப்பிள் சார்ஜர்களை வாங்கிச் சோதித்தது. இந்தப் பிரிக்கும் இடைவெளி அதிக வோல்ட்டைத் தாங்குகிறதா என்ற சோதனையில் தேறியவை மூன்றே மூன்று. 12 சார்ஜர்கள் தொட்டவரைக் கொன்றுவிடும் அளவுக்கு மோசமாகச் செய்யப்பட்டிருந்தன. அதற்கு முன்பே, 2013 ஆகஸ்டில், சந்தேகத்துக்குரிய சார்ஜரைக் கொண்டுவந்து கொடுத்தால் குறைந்த விலைக்கு அசல் தருகிறோம் என்று ஆப்பிளே அறிவிக்க வேண்டி வந்தது. இந்த 400இல் மூன்று என்ற கணக்கை நினைத்தால், "இத்தனை நாளா ஒண்ணும் ஆகலையே" என்று சொல்பவர்களுக்கு என்ன பதில் என்று எனக்குத் தெளிவாகிறது. அந்த இடைவெளி குறைந்திருப்பது அன்றாடப் பயன்பாட்டில் தெரியவே தெரியாது. போன் நன்றாகத்தான் சார்ஜ் ஏறும். மின்னழுத்தம் எகிறும் ஒரு நாளில், அல்லது மழை ஈரம் உள்ளே இறங்கிய ஒரு நாளில்தான் அது வெளிப்படும்.

ஆனால் ஒரு பயத்தை இங்கே தீர்த்துவிட வேண்டும். சார்ஜில் இருக்கும்போது போனின் உலோக ஓரத்தைத் தடவினால் விரலில் சுருசுருவென்று ஓர் அதிர்வு தெரியும். இது அசல் சார்ஜரிலும் வரும். மின் இரைச்சலைக் குறைப்பதற்காக இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒரு சிறப்புக் கண்டென்சர் போட்டிருப்பார்கள். அதன் வழியாகக் கசியும் மின்சாரம் ஒரு மில்லி ஆம்பியரில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி. எர்த் இல்லாத ரெண்டு பின் சார்ஜரில் இது சகஜம். வெடுக்கென்று கையை இழுக்க வைக்கும் ஷாக் வந்தால் அது வேறு கதை. அந்தச் சார்ஜரை அன்றே தூக்கிப் போட வேண்டும். சார்ஜில் இருக்கும்போது மட்டும் திரை தானாகத் துள்ளுவது, தொட்ட இடம் விட்டு வேறு இடம் திறப்பது, சார்ஜரிலிருந்து தொடர்ந்து ரீங்காரம் கேட்பது, கருகல் வாடை வருவது, கை வைக்க முடியாத சூடு ஆகியவையும் கெட்ட அறிகுறிகள்தான். திரை துள்ளுவதற்குப் பெரும்பாலும் காரணம் சார்ஜர் சீராக்காமல் அனுப்பும் இரைச்சல் மின்சாரம். போனைச் சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் வேறு சார்ஜரில் மாட்டிப் பாருங்கள்.

பெரிய மூணு பின்

தமிழ்நாட்டில் ஏ.சி.க்கும் கீசருக்கும் போடும் தடித்த மூணு பின் பவர் பிளக்கைத் தெரியாதவர் இல்லை. அதே வடிவம்தான் தென்னாப்பிரிக்காவில் எல்லாவற்றுக்கும். டேபிள் விளக்குக்கும் அதே தடிப் பின், கெட்டிலுக்கும் அதே. அண்மை ஆண்டுகளில் கட்டிய வீடுகளில் சின்ன அறுகோண வடிவில் இன்னொரு சாக்கெட்டும் இருக்கும். அதில் ஐரோப்பிய ரெண்டு பின் பிளக் நேராக, இறுக்கமாக உட்காரும். இந்தியாவிலிருந்து வரும் பெரும்பாலான போன் சார்ஜர்களும் அதில் உட்கார்ந்துவிடும். பழைய வீடுகளில் அது கிடையாது. பெரிய ஓட்டைக்கும் சின்ன பின்னுக்கும் நடுவே ஒரு அடாப்டர் வந்து சேர்கிறது. அடாப்டருக்கு மேல் இன்னொரு அடாப்டர், அதன் பக்கத்தில் ஒரு மல்டிபிளக் என்று சுவரிலிருந்து ஒரு கொத்தே முளைத்து நிற்கும்.

சாட்ஸ்வொர்த்தில் தமிழ் வகுப்புக்கு வரும் ஓர் அக்கா ஒருநாள் பையிலிருந்து ஒரு அடாப்டரை எடுத்து நீட்டினார். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு துளையைச் சுற்றி டீக்கறை நிறத்தில் வட்டம், அதன் நடுவே பிளாஸ்டிக் இளகி உள்வாங்கியிருந்தது. "சார்ஜர் எரிஞ்சுபோச்சு தம்பி, இந்தியாவுல இருந்து வந்தது, அதான் இந்த ஊரு கரண்டுக்கு ஒத்துக்கல" என்றார். இந்தியாவிலும் 230 வோல்ட், இங்கேயும் 230 வோல்ட், இரண்டிலும் 50 ஹெர்ட்ஸ். சார்ஜரில் எந்தக் குறையும் இல்லை. "அக்கா, இந்த அடாப்டர்ல வேற என்ன மாட்டியிருந்தீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கெட்டில்" என்றார். கருகியிருந்தது கெட்டில் பின் உட்கார்ந்திருந்த துளை.

போன் சார்ஜர் சுவரிலிருந்து இழுப்பது மிகக் குறைவு. 20 வாட் சார்ஜர் என்றால் ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கம்தான். 2000 வாட் கெட்டிலோ குளிர்கால ஹீட்டரோ ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். சூடு என்பது ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, அதைத் தடையால் பெருக்கினால் வருவது. தளர்ந்துபோன சாக்கெட்டுக்குள் பின்னும் பித்தளையும் சரியாகப் பிடிக்காத இடத்தில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தால்கூட, 8.7 ஆம்பியர் ஓடும்போது 7 வாட்டுக்கு மேல் சூடு அங்கே பிறக்கிறது. பட்டாணி அளவு இடத்தில் 7 வாட் என்பது பிளாஸ்டிக்கை இளக்கப் போதும்.

டி.பி. போர்டில், அதாவது வீட்டின் மெயின் சுவிட்சுகள் இருக்கும் பெட்டியில், இருக்கும் எதுவும் இதைக் கண்டுகொள்ளாது. சர்க்யூட் பிரேக்கர் விழ வேண்டுமென்றால் ஆம்பியர் கூட வேண்டும், 8.7 அதற்குச் சாதாரணம். தென்னாப்பிரிக்க வீடுகளில் கட்டாயமாக இருக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச், 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் தரைக்குக் கசிந்தால் விழும். அது அருமையான பாதுகாப்பு, சார்ஜரின் உள் இடைவெளி உடைந்து ஆள் மேல் பாயும் நேரத்தில் உயிரைக் காப்பாற்றக்கூடியது. அதன் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்தி விழுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் தளர்ந்த பிளக்கில் மின்சாரம் எங்கும் கசிவதில்லை, அதே பாதையில்தான் ஓடுகிறது. அதனால் தீப்பிடிக்கும் வரை இரண்டு சுவிட்சும் நிமிர்ந்தே நிற்கும். நம் கண்ணும் கையும்தான் இங்கே காவல். கெட்டில், ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் இவை நேராகச் சுவரில் போக வேண்டும். சார்ஜருக்கு ஓர் இறுக்கமான நல்ல அடாப்டர், ஒன்றே ஒன்று. சொருகினால் ஆடுகிற, தன் எடையில் தானே தொங்கிச் சாய்கிற, கர்ரென்று பொறி பறக்கிற அடாப்டரை வைத்திருக்கக் கூடாது.

மின்வெட்டும் இதில் சேர்ந்துகொள்கிறது. 2007 கடைசியில் தொடங்கிய லோட் ஷெட்டிங் 2023இல் உச்சத்துக்குப் போனது. அந்த ஆண்டின் பெரும்பாலான நாட்களில் கரண்ட் போய் வந்தது. 2024 மார்ச் கடைசியிலிருந்து நிலைமை நன்றாகத் தேறியது என்றாலும், தனித்தனிப் பகுதிகளில் வெட்டு முற்றிலும் நின்றபாடில்லை. கரண்ட் திரும்பி வரும் நொடியில் வோல்ட் எகிறும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காகத்தான் இங்கே சர்ஜ் பிளக் இவ்வளவு விற்கிறது. ஆனால் அதற்குள் இருக்கும் வேரிஸ்டர் என்ற பாகம் ஒவ்வோர் அடியையும் தாங்கித் தாங்கித் தேய்ந்துவிடும். பாதுகாப்பு விளக்கு அணைந்த சர்ஜ் பிளக் வெறும் பிளக்தான், மாற்றிவிட வேண்டும்.

இதைவிட மோசமான ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. தெருவில் செம்புக் கம்பியைத் திருடுகிறார்கள், அல்லது மழையில் இணைப்பு அறுகிறது. அறுந்தது நியூட்ரல் கம்பி என்றால், சில வீடுகளுக்கு வோல்ட் குறைந்து சில வீடுகளுக்கு 300ஐத் தாண்டிப் போகும். நொடியில் வந்து போகும் அடிக்குத்தான் சர்ஜ் பிளக் பயன்படும், நிமிடக்கணக்கில் நிற்கும் இந்த மிகை வோல்ட்டை அது தாங்காது. விளக்குகள் திடீரென்று கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தில் எரிந்தால் உடனே டி.பி. போர்டில் மெயினை இறக்கிவிட்டு நகராட்சிக்குச் சொல்லுங்கள். ஒரு தெருவில் ஒரே நாளில் பல வீட்டுச் சார்ஜர்களும் டி.வி.களும் போய்விட்டன என்று கேள்விப்பட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

கேபிள்

போன் கேபிளில் ஓடுவது 5 வோல்ட்டிலிருந்து 20 வோல்ட் வரை. அதுவாக ஆளைக் கொல்லாது. அது செய்யக்கூடிய கெடுதல் இரண்டு: சார்ஜை மெதுவாக்குவது, முனைகளில் சூடேற்றுவது.

முதலாவதுக்குக் காரணம் உள்ளே இருக்கும் கம்பியின் தடிமன். அமெரிக்கக் கேஜ் கணக்கில் எண் கூடினால் கம்பி மெலிகிறது என்று பொருள். மலிவு கேபிள்களில் வரும் 28 கேஜ் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.21 ஓம் தடை. ஒரு மீட்டர் கேபிளில் மின்சாரம் போயும் வர வேண்டும், ஆகவே 0.42 ஓம். 2 ஆம்பியர் ஓடினால் 0.8 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காணாமல் போகிறது. 5 வோல்ட்டில் கிளம்பியது போனுக்கு 4.2 வோல்ட்டாக வந்து சேர்ந்தால், போன் தானாகவே ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். 24 கேஜ் கம்பியில் அதே தூரத்துக்கு இழப்பு 0.35 வோல்ட்டுக்குள் அடங்கும். செம்பு பூசிய அலுமினியம் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். மூன்று மீட்டர் நீளக் கேபிளை மலிவாக வாங்கிவிட்டு போன் ஏற மாட்டேன் என்கிறதே என்று புலம்புவதில் பயனில்லை.

இரண்டாவது கெடுதல் முனையில். யு.எஸ்.பி-சி வாய்க்குள் 24 சின்னத் தொடுமுனைகள் ஒரு அரிசி நீள இடத்தில் நெருங்கி நிற்கின்றன. பாக்கெட் தூசி அடைத்து, அல்லது வியர்வையும் ஈரமும் பட்டு, தடை கூடினால் 3 ஆம்பியரில் ஒரு வாட் அளவு சூடு அங்கேயே தங்கும். டர்பன் கடலோரக் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம், முனைகளில் பச்சை படிவது இங்கே சாதாரணம். ஈரம் இருக்கிறது என்று போன் எச்சரித்தால் அதை அலட்சியம் செய்து அடுத்த கேபிளை மாட்ட வேண்டாம். மின்சாரத்தோடு ஈரம் சேர்ந்தால் அந்தத் தங்கப் பூச்சு வெகு விரைவில் அரித்துவிடும். போனை அணைத்து, காற்றோட்டத்தில் வைத்து, உலர்ந்த மரப் பல்குச்சியால் தூசியை மெல்ல எடுக்கலாம். ஊசியோ ஹேர்பின்னோ உள்ளே போகக் கூடாது.

யு.எஸ்.பி-சி புதிதாக வந்த காலத்தில் கேபிளுக்குள் இருக்கும் ஒரு சின்ன ரெசிஸ்டர் பெரிய தலைவலியாக இருந்தது. பழைய தட்டை முனையிலிருந்து சி முனைக்குப் போகும் கேபிளில் 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் போன் மறுமுனையில் சாதாரண யு.எஸ்.பி. மட்டுமே இருக்கிறது என்று அடக்கமாக இழுக்கும். பல கேபிள்களில் 10 கிலோ ஓம் போட்டு, மறுமுனை 3 ஆம்பியர் தரும் என்று பொய் சொல்ல வைத்திருந்தார்கள். கூகுளில் பொறியாளராக இருந்த பென்சன் லியுங் 2015 முதல் கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து எழுதினார். 2016 தொடக்கத்தில் வயரே மாறிப்போயிருந்த ஒரு கேபிள் அவருடைய லேப்டாப்பைக் கெடுத்தது. அந்த ஆண்டு மார்ச்சில், தரத்துக்கு ஒத்துவராத சி கேபிள்களைத் தன் தளத்தில் விற்க அமேசான் தடை போட்டது. ஒரு தனி மனிதர் பொறுமையாகச் செய்த வேலை எத்தனை பேருடைய போனைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

இன்று இரண்டு பக்கமும் சி முனை உள்ள கேபிள் வாங்குவதே சிக்கலில்லாத வழி. சாதாரணமானது 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரை போகும், பெரும்பாலான போன்களுக்கு அது தாராளம். அதற்கு மேல் 5 ஆம்பியர் வேண்டுமென்றால் கேபிளுக்குள்ளேயே தன் தகுதியைச் சொல்லும் சிப் ஒன்று இருக்க வேண்டும். சாம்சங்கின் 45 வாட் வேகத்துக்கு இந்த வகைக் கேபிள்தான் தேவை. முறையாகச் சான்று பெற்றவற்றில் 60 வாட் அல்லது 240 வாட் என்று முத்திரை அச்சடித்திருக்கும். ஒப்போ, ஒன்பிளஸ், ரியல்மி போன்றவை தனி வழி போகின்றன. 2014இல் வந்த வூக் முறையிலிருந்து அவை வோல்ட்டைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டும் பாணி, அந்த வேகத்துக்கு அவற்றின் சொந்தச் சார்ஜரும் சொந்தக் கேபிளும் சேர்ந்தே வேண்டும். வேறு கேபிள் போட்டால் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். ஐபோன் 14 வரை லைட்னிங் முனை, 15லிருந்து சி முனை.

உறை கிழிந்து உள் வயர் தெரிகிற கேபிளை டேப் சுற்றி ஓட்டுவதை நிறுத்த வேண்டும். அதன் உள்ளே இரண்டு கம்பி ஒட்டிக்கொண்டால் நல்ல சார்ஜர் தானே அணைந்துகொள்ளும், மட்டமான சார்ஜர் அணையாது.

இரவு முழுக்கச் சார்ஜில் போடுவது பற்றி ஒரு வார்த்தை. நிரம்பியதும் போன் தானே நிறுத்திக்கொள்ளும், அதில் பயமில்லை. தலையணைக்கு அடியில் வைப்பதுதான் தவறு, சூடு வெளியேற வழி இருக்காது. முதுகு உப்பி மூடி தூக்கிக்கொண்ட போனை எந்தச் சார்ஜரிலும் போடக் கூடாது.

கடையில்

நடைபாதையில் கேபிள் வாங்கலாம், சார்ஜர் வாங்கக் கூடாது. என் முடிவு இதுதான். மோசமான கேபிள் போனைச் சோதிக்கும், மோசமான சார்ஜர் வீட்டில் இருப்பவர்களைச் சோதிக்கும். நடைபாதையில் விற்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மொத்த வியாபாரி கொடுத்ததை அவர்கள் விற்கிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது.

தென்னாப்பிரிக்காவில் சார்ஜரைச் சந்தைக்குக் கொண்டுவருபவர் அதற்கு முன் என்.ஆர்.சி.எஸ். என்ற தேசியக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் சோதனை அறிக்கையைக் காட்டி எல்.ஓ.ஏ. என்ற அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். 2008இல் எஸ்.ஏ.பி.எஸ். தர நிறுவனத்திலிருந்து பிரிந்து உருவான அமைப்பு இது. பெரிய கடையில் விலை உயர்ந்த சார்ஜர் வாங்கும்போது, இதற்கு எல்.ஓ.ஏ. இருக்கிறதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. பதில் சொல்லத் தெரியாத கடை என்றால் அதுவே ஒரு தகவல். சி.இ. என்ற ஐரோப்பிய எழுத்து மட்டும் இருந்தால் நம்பிவிட வேண்டாம். அதைப் பெரும்பாலும் உற்பத்தியாளரே தன் பொறுப்பில் அச்சடித்துக்கொள்கிறார்.

ஊருக்குப் போகும்போது வாங்கி வருபவர்கள் இந்தியத் தர நிறுவனமான பி.ஐ.எஸ். முத்திரையைப் பார்க்கலாம். போன் சார்ஜருக்கு இந்தியாவில் பதிவு கட்டாயம். முத்திரையோடு ஐ.எஸ். எண்ணும், ஆர் என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் எந்த நிறுவனம், என்ன பொருள் என்று வந்துவிடும். எண் ஒன்றாகவும் பெயர் வேறாகவும் இருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்த வசதியை நம்மவர்கள் பயன்படுத்தி நான் அதிகம் பார்த்ததில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நின்றுகொண்டே செய்யக்கூடிய வேலை இது.

சார்ஜரின் முதுகில் இருக்கும் பொடி எழுத்தில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். உள்ளே வாங்குவது 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருக்க வேண்டும். வெளியே தருவதில் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் எத்தனை ஆம்பியர் என்று தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். வெறுமனே ஃபாஸ்ட் சார்ஜ் என்று மட்டும் போட்டிருப்பதை வைத்துவிடுங்கள். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி, எர்த் தேவைப்படாத இரட்டைக் காப்பு என்று சொல்கிறது. இவற்றையும் போலி செய்ய முடியும் என்பதால்தான் யாரிடம் வாங்குகிறோம் என்பது இத்தனை முக்கியம். வேகம் என்று பார்த்தால், இன்றைய ஐபோனுக்கும் பெரும்பாலான ஆண்ட்ராய்டுக்கும் பவர் டெலிவரி உள்ள 20 முதல் 30 வாட் சார்ஜர் போதும். சாம்சங் வைத்திருப்பவர்கள் பி.பி.எஸ். என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் முழு வேகம் கிடைக்காது. லேப்டாப்புக்கும் சேர்த்து ஒன்றே போதும் என்று நினைத்தால் 65 வாட் வாங்கி இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். ஒரு நல்ல சார்ஜர் அடுத்தடுத்த போன்களுக்கும் உழைக்கும். மூன்று மட்டமான சார்ஜரின் விலையை ஒன்றில் போடுவது எந்தக் கணக்கிலும் நஷ்டமில்லை.

வாங்கியது கோளாறாக இருந்தால் சும்மா இருந்துவிட வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் அது பழுதென்று தெரிந்தால் கடையில் திருப்பிக் கொடுக்கலாம். ரிப்பேரா, மாற்றுப் பொருளா, பணமா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவர், கடைக்காரர் அல்ல. "எங்க கடையில ரிட்டர்ன் கிடையாது" என்று சுவரில் ஒட்டியிருக்கும் தாள் பழுதான பொருளுக்குச் செல்லாது. கடை மறுத்தால் நுகர்பொருள் மற்றும் சேவைகள் ஒம்பட்ஸ்மனிடமும், அங்கிருந்து தேசிய நுகர்வோர் ஆணையத்திடமும் போகலாம். எல்லாவற்றுக்கும் ரசீது வேண்டும். அந்தத் தெர்மல் தாள் சில மாதங்களில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே போனில் ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.